தீயும் விலங்கும் என்ன செய்தன: ஆதி மறைசாட்சிகளின் கதைகளை வாசிக்க ஒரு முழு வழிகாட்டி

ஆதிக் கிறிஸ்தவ மறைசாட்சிகளின், அதாவது நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்களின், கதைகளைக் கையில் எடுக்கிறவர்களில் பலர் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். தீ சுடவில்லை, சிங்கம் தொடவில்லை என்று வரும் இடத்தில் சிலர் கைகூப்பிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். வேறு சிலர் அதே இடத்தில் கட்டுக்கதை என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறார்கள். அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று இரு தரப்பும் பார்ப்பதில்லை. அங்கே தீ சுடாத கிழவர் கத்திக்குத்தில் சாகிறார். விலங்கு தொடாத பெண்ணைச் சிறைக்குக் கொண்டுபோய், இன்னொரு நாள் திரும்பக் கூட்டிவந்து கொல்கிறார்கள்.

பழைய கதைகளில் அற்புதம் யாருடைய உயிரையும் காப்பாற்றுவதில்லை. இயற்கை கொஞ்ச நேரம் கொல்ல மறுக்கிறது, அப்புறம் மனிதன் தன் கையாலேயே கொல்கிறான். எனக்கு இந்தக் கதைகளின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைத் தவறவிடாமல் வாசிக்க, நான் பின்பற்றும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். நம்பிக்கையோடு வாசிப்பவருக்கும், வரலாற்றுக்காக வாசிப்பவருக்கும் இது பயன்படும்.

முதல் படி: அற்புதமே இல்லாத பதிவிலிருந்து தொடங்குங்கள்

வட ஆப்பிரிக்காவின் சில்லியம் என்ற ஊரைச் சேர்ந்த 12 பேரைக் கார்த்தேஜ் நகரில் விசாரித்த பதிவு ஒன்று இருக்கிறது. நாள் 180 ஜூலை 17. ஆளுநர் பெயர் சாத்தூர்னினுஸ். மொத்தமும் ஒன்றிரண்டு பக்கம்தான், கேள்வியும் பதிலுமாகப் போகிறது. உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஆளுநர் கேட்கிறார். நூல்களும், நீதிமானாகிய பவுலின் கடிதங்களும் என்கிறார் அவர்களில் ஒருவரான ஸ்பெராத்துஸ். யோசிக்க முப்பது நாள் அவகாசம் தருகிறேன் என்கிறார் ஆளுநர். வேண்டாம் என்கிறார்கள். வாளுக்கு இரையாக்கத் தீர்ப்பு எழுதப்படுகிறது, கடவுளுக்கு நன்றி சொல்கிறார்கள், தலை வெட்டப்படுகிறது. வானத்திலிருந்து குரல் இல்லை, புறா இல்லை, நறுமணம் இல்லை.

இதை முதலில் வாசிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அற்புதம் இல்லாமலும் ஒரு மறைசாட்சியின் கதையை அன்றைய கிறிஸ்தவர்கள் போற்றிக் காப்பாற்றி வைத்தார்கள் என்பது இதில் தெரிகிறது. அப்படியானால், அற்புதம் வரும் கதையில் அது ஏதோ ஒரு வேலைக்காக வந்திருக்கிறது. அந்த வேலை என்ன என்று கேட்கும் பழக்கம் இங்கேயே பிடிபட வேண்டும்.

இரண்டாம் படி: சாவு எதனால் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம், எது கொல்லவில்லை. வலப்பக்கம், கடைசியில் எது கொன்றது. இதற்கு மிகச் சிறந்த பாடம் சிமிர்னா நகரின் ஆயர் பொலிகார்ப்பின் கதை. சிமிர்னா இன்றைய துருக்கியின் இஸ்மிர். அவர் இறந்தது 155, 156 வாக்கில் என்று பெரும்பாலோர் கணக்கிடுகிறார்கள். அவருடைய சபையே பிலோமேலியம் என்ற ஊரின் சபைக்குக் கடிதமாக எழுதிய கதை இது.

இந்தக் கதையை நிதானமாகப் பாருங்கள். கிறிஸ்துவைப் பழித்துப் பேசினால் விட்டுவிடுகிறேன் என்கிறார் ஆளுநர். எண்பத்தாறு ஆண்டு அவருக்கு ஊழியம் செய்திருக்கிறேன், அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே என்கிறார் கிழவர். சிங்கத்தை அவிழ்த்துவிடச் சொல்லிக் கூட்டம் கத்துகிறது. விலங்குக் காட்சிகள் முடிந்துவிட்டன, இனி முடியாது என்று விழாத் தலைவர் மறுத்துவிடுகிறார். சரி, உயிரோடு எரிக்கலாம் என்று பட்டறைகளிலிருந்தும் குளியல் கூடங்களிலிருந்தும் விறகு அள்ளிக்கொண்டு வருகிறார்கள். அவர் தானே மேலாடையைக் கழற்றி, இடுப்புக்கச்சையை அவிழ்த்து, செருப்பையும் கழற்றப் பார்க்கிறார். செருப்பைக் கழற்றி அவருக்குப் பழக்கமில்லையாம். அவர் உடலைத் தொடும் பேறு தங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று விசுவாசிகள் எப்போதும் முந்திக்கொண்டு அதைச் செய்துவிடுவார்களாம். இப்படி ஒரு சிறு தகவலை இட்டுக்கட்ட யாருக்கும் தேவையில்லை. அவரோடு பழகியவர் யாரோ எழுதியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆணி வேண்டாம், தீயைத் தாங்கும் பலத்தைத் தருகிறவர் அசையாமல் நிற்கும் பலத்தையும் தருவார் என்று அவர் சொல்ல, கையைப் பின்னால் கட்டி நிறுத்துகிறார்கள். தீ மூட்டியதும், காற்று நிறைந்த கப்பற்பாய்போல அது வளைந்து அவரைச் சுற்றி மதிலாக நிற்கிறது. நடுவில் அவர், வேகும் சதைபோல இல்லாமல், அடுப்பில் வேகும் அப்பம்போல, உலையில் புடமிடும் பொன் வெள்ளிபோல இருக்கிறார். சாம்பிராணி மணம் வருகிறது.

இத்தோடு முடியவில்லை. உடல் எரியாததைக் கண்டு, கொலையாளி ஒருவனை அனுப்பிக் குத்தச் சொல்கிறார்கள். குத்துகிறான், இரத்தம் பெருகித் தீயையே அணைக்கிறது. அதற்கும் பிறகு உடலை நடுவில் வைத்து எரித்துவிடுகிறார்கள். முன்பு சுடாமல் நின்ற தீ இப்போது எரிக்கிறது! விசுவாசிகள் பிறகு வந்து எலும்புகளைப் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள்.

உங்கள் தாளில் இடப்பக்கம் சிங்கமும் தீயும், வலப்பக்கம் கத்தி. இதே கணக்கை இன்றைய லெபனானில் உள்ள தீர் நகரத்துக்கும் போடுங்கள். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எகிப்தியக் கிறிஸ்தவர்கள் விலங்குகளுக்கு முன் நிறுத்தப்பட்டதை நேரில் பார்த்ததாகச் சபை வரலாற்றாசிரியரான செசரியாவின் யூசேபியுஸ் எழுதுகிறார். விலங்கை வரவழைக்கக் கையை ஆட்டும்படி அவர்களுக்கே உத்தரவு. அப்படியும் விலங்குகள் அவர்களை விட்டுவிட்டு, வெளியிலிருந்து சீண்டியவர்கள் மீது பாய்கின்றன. இருபது வயதுகூட ஆகாத ஒரு இளைஞர் கைகளைச் சிலுவைபோல விரித்துக்கொண்டு, நின்ற இடத்தைவிட்டு நகராமல் நிற்கிறார். முடிவில் எல்லாரையும் வாளால் வெட்டிக் கடலில் போடுகிறார்கள். மறுபடியும் இடப்பக்கம் விலங்கு, வலப்பக்கம் வாள்.

மூன்றாம் படி: யார் கண் பார்த்தது?

அற்புதம் நடந்தது என்று பொதுவாகக் குறித்துக்கொள்ளாதீர்கள். யார் பார்த்ததாகக் கதை சொல்கிறது என்று எழுதுங்கள். பொலிகார்ப்பு அரங்குக்குள் நுழையும்போது வானத்திலிருந்து ஒரு குரல் அவரைத் திடப்படுத்துகிறது. பேசியவரை ஒருவரும் பார்க்கவில்லை, அங்கிருந்த நம்மவர்கள் குரலைக் கேட்டார்கள் என்கிறது கடிதம். தீ மதிலாக நின்றதைச் சொல்லும்போதும், பார்க்கும் வரம் பெற்ற நாங்கள் கண்டோம், மற்றவர்களுக்குச் சொல்லவே காக்கப்பட்டோம் என்று வருகிறது. ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்த அரங்கில் இதை ஒரு சிலரின் பார்வையாகத்தான் அவர்களே வைக்கிறார்கள். இந்த நேர்மையைப் பல வாசகர்கள் கவனிப்பதில்லை.

177-இல் காலியா நாட்டு (இன்றைய பிரான்ஸ்) லியோன் நகரில் நடந்ததும் இப்படித்தான். அங்கிருந்த சபை எழுதிய கடிதம் அதைச் சொல்கிறது. அடிமைப்பெண் பிளாந்தினாவை ஒரு கம்பத்தில் தொங்கவிட்டு விலங்குகளை ஏவுகிறார்கள். அவளோடு போராடிக்கொண்டிருந்தவர்கள் சிலுவையில் அறையப்பட்டவரையே அவள் உருவில் காண்கிறார்கள். மற்றவர்களுக்கு அவள் கம்பத்தில் தொங்கும் ஒரு அடிமை. அன்றைக்கு எந்த விலங்கும் தொடாததால் இறக்கிச் சிறைக்குக் கொண்டுபோகிறார்கள். கடைசி நாளில் சாட்டை, விலங்கு, பழுக்கக் காய்ச்சிய இருக்கை எல்லாவற்றுக்கும் பிறகு வலையில் சுற்றிக் காளைக்கு முன் போடுகிறார்கள். காளை தூக்கி எறிகிறது, பிறகு கழுத்தை அறுக்கிறார்கள். எஞ்சிய உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்துவிடுகிறார்கள், உயிர்த்தெழ எதுவும் மிஞ்சக் கூடாது என்று. ஆறு அங்கே பகைவரின் கருவியாகிவிடுகிறது. இயற்கை எப்போதும் மறைசாட்சியின் பக்கம் நிற்பதாக இந்தக் கடிதம் காட்டவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பின்னால் நிற்கும் மறைநூல் பகுதியைத் தேடுங்கள்

எழுதியவர்களும் கேட்டவர்களும் மறைநூலை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள். தீ என்றால் தானியேல் நூலின் மூன்று இளைஞர்களும், பனிக்காற்று வீசிய அந்தச் சூளையும் நினைவுக்கு வரும். சிங்கம் என்றால் தானியேலின் குகை. பாம்பு என்றால் ஏதேன். நறுமணம் என்றால் நோவா செலுத்திய பலியின் மணம் ஆண்டவரை எட்டியது. பொலிகார்ப்பைக் கட்டி நிறுத்தும்போது, பெரிய மந்தையிலிருந்து எடுத்த சிறந்த ஆட்டுக்கடாபோல இருந்தார் என்கிறது கடிதம். அவரும் படைப்பு அனைத்துக்கும் கடவுளே என்று அழைத்து, தன்னைப் பலியாக ஏற்கும்படி வேண்டுகிறார். அந்த வேண்டுதல் முடிந்ததும் தீ மூட்டப்படுகிறது. அப்புறம் வரும் சாம்பிராணி மணத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை. பலி ஏற்கப்பட்டது என்பதைத்தான் அது சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை. மறைநூலில் ஒத்த பகுதி இருக்கிறது என்பதாலேயே நிகழ்ச்சி இட்டுக்கட்டியது என்ற முடிவுக்குத் தாவிவிடாதீர்கள். கண்ணெதிரே நடந்ததைத் தங்களுக்குப் பழக்கமான சொற்களில்தான் யாரும் சொல்வார்கள். தானியேலை நினைவுபடுத்தும் இடங்களைவிட, அவரிடமிருந்து விலகும் இடங்களே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. தானியேல் குகையிலிருந்து உயிரோடு வெளியே வந்தார். இவர்கள் வரவில்லை.

ஐந்தாம் படி: அரங்கின் நடைமுறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

விலங்குக் காட்சிகளைப் புரிந்துகொள்ள இறையியல் மட்டும் போதாது. ஆப்பிரிக்காவிலும் மற்ற மாகாணங்களிலும் பிடித்து, கூண்டில் அடைத்து, நெடுந்தூரம் கொண்டுவந்த விலங்குகள் அவை. இருட்டிலிருந்து திடீரென்று வெயிலுக்கும் கூச்சலுக்கும் தள்ளப்பட்டால் மிரண்டு மூலையில் ஒதுங்குவது சகஜம். அதனால்தான் ஆளைக் கம்பத்திலோ மேடையிலோ கட்டினார்கள், விலங்கைச் சீண்டிவிட ஆள் வைத்தார்கள். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியாவின் ஆயர் இஞ்ஞாசியார், விலங்குகளுக்கு இரையாகத் தீர்ப்புப் பெற்று, உரோமை நோக்கிப் போகும் வழியில் எழுதிய கடிதத்திலேயே இது வருகிறது. சிலரைத் தொட விலங்குகள் அஞ்சியதுபோல என் விஷயத்தில் ஆகக் கூடாது, நானே அவற்றைக் கொஞ்சி அழைப்பேன், வராவிட்டால் வற்புறுத்துவேன் என்கிறார். விலங்கு தொடாமல் விடுவது அவருக்கு வரமாகத் தெரியவில்லை, தடையாகத் தெரிகிறது.

கிறிஸ்தவரல்லாத உரோமானியரும் இப்படிப்பட்ட கதைகளை விரும்பிச் சொன்னார்கள். காலில் முள் எடுத்துவிட்ட அடிமையை அரங்கில் அடையாளம் கண்டு நக்கிய சிங்கத்தின் கதை அவர்களுடையதுதான். இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் அவுலுஸ் கெல்லியுஸ் அதைப் பதிவு செய்திருக்கிறார். அங்கே அடிமைக்கு விடுதலை கிடைக்கிறது. கிறிஸ்தவக் கதையோடு அருகருகே வைத்துப் பாருங்கள், முடிவு எவ்வளவு வேறு என்று தெரியும்.

இந்தப் படிக்கு ஏற்ற பாடம், 203 மார்ச் 7 அன்று கார்த்தேஜில் கொல்லப்பட்ட பெர்பெத்துவா, பெலிசித்தா குழுவினரின் கதை. அவர்களோடு இருந்த சாத்துருஸுக்குக் கரடி என்றாலே அருவருப்பு. சிறுத்தையின் ஒரே கடியில் போய்ச் சேர்ந்தால் போதும் என்று எதிர்பார்க்கிறார். முதலில் காட்டுப்பன்றியோடு கட்டுகிறார்கள். அது கட்டிவிட்ட வேட்டைக்காரனையே குத்திக் கிழிக்கிறது, அவன் சில நாளில் சாகிறான். சாத்துருஸ் இழுபடுவதோடு சரி. பிறகு கரடிக்கு முன் கட்டுகிறார்கள், கரடி கூண்டைவிட்டு வர மறுக்கிறது. மூன்றாவதாக வந்த சிறுத்தை ஒரே கடி கடிக்கிறது. இதில் ஒன்றைக்கூட எழுதியவர் அற்புதம் என்று கூவவில்லை. பன்றி திரும்பியதும் கரடி தயங்கியதும் எந்த அரங்கிலும் நடக்கக்கூடியவை. ஆனால் அவை வரிசையாக நடந்து, சாத்துருஸ் முன்பே சொன்னபடி முடிந்ததில் கடவுளின் கையை அவர்கள் கண்டார்கள். இயற்கையின் ஒழுங்கு மீறப்படாமலே அற்புதம் உணரப்படும் இடம் இது.

பெண்களுக்கு மூர்க்கமான பசு ஒன்றை ஏவுகிறார்கள். பெலிசித்தாவுக்குப் பிரசவமாகிச் சில நாட்களே ஆகியிருந்தன. எட்டாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. கர்ப்பிணிகளைக் கொல்லக் கூடாது என்பது சட்டம், மற்றவர்களோடு சேர்ந்து போக முடியாதே என்று அவள் கலங்க, எல்லாரும் சேர்ந்து வேண்டிய உடனே வலி எடுத்ததாம். குறைப்பிரசவத்துக்கே உரிய கடும் வலியையும் கதை மறைக்கவில்லை. வேண்டுதல் கேட்கப்பட்டது, அதனால் அவளுக்குக் கிடைத்தது சாவதற்கான அனுமதி. இந்தக் கதைகளில் அற்புதம் எந்தத் திசையில் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் படி: கனவைத் தனியே எடுத்து வையுங்கள்

அதே கதையில் பெர்பெத்துவா சிறையில் தன் கையால் எழுதிய பகுதி இருக்கிறது. வயது இருபத்திரண்டு வாக்கில், கையில் பால்குடிக் குழந்தை. வானைத் தொடும் வெண்கல ஏணி, அதன் இருபுறமும் வாள், ஈட்டி, கொக்கி. அடியில் ஒரு பெரிய பாம்பு. அதன் தலையை முதல் படியாக மிதித்து ஏறுகிறாள். மேலே பரந்த தோட்டம், நரைத்த முடியோடு இடையர் உடையில் ஒருவர் ஆடு கறந்துகொண்டிருக்கிறார். பால்கட்டியில் ஒரு துண்டு தருகிறார். விழித்தபோதும் வாயில் இனிப்பான எதையோ மென்றுகொண்டிருந்தேன் என்கிறாள். ஏழு வயதில் முகத்துப் புற்றால் இறந்த தம்பி தினோக்ராத்தேசும் கனவில் வருகிறான். தண்ணீர்த்தொட்டியின் விளிம்பு எட்டாமல் தாகத்தோடு நிற்கிறான். அவள் நாளெல்லாம் அவனுக்காக வேண்டிய பிறகு, விளிம்பு தாழ்ந்து அவன் குடிப்பதைக் காண்கிறாள்.

கனவில் இயற்கை முழுக்க அவள் பக்கம் இருக்கிறது: பாம்பு பணிகிறது, ஆடு பால் தருகிறது, தண்ணீர் எட்டுகிறது. விழித்திருக்கும் அரங்கில் பசு அவளைத் தூக்கி எறிகிறது. விழுந்தவள் கிழிந்த ஆடையை இழுத்துத் தொடையை மூடுகிறாள், முடிந்துகொள்ள ஒரு ஊசி கேட்கிறாள். கலைந்த கூந்தல் துக்கத்துக்கு அடையாளம், தன் வெற்றியின் நேரத்தில் துக்கப்படுவதுபோலத் தெரியக் கூடாது என்று. கடைசியில் பழக்கமில்லாத இளம் வாள்வீரனின் கை நடுங்க, அவளே அதைப் பிடித்துத் தன் கழுத்தில் வைக்கிறாள். கனவையும் அரங்கையும் ஒன்றாகக் குழப்பி வாசித்தால் இரண்டின் கூர்மையும் போய்விடும்.

ஏழாம் படி: வேறு கையெழுத்துப் பிரதிகளோடு ஒப்பிடுங்கள்

பொலிகார்ப்பைக் குத்தியபோது இரத்தத்தோடு ஒரு புறாவும் வெளியே வந்ததாக நமக்குக் கிடைத்த கிரேக்கக் கையெழுத்துப் படிகள் சொல்கின்றன. நான்காம் நூற்றாண்டில் அதே கடிதத்தை எடுத்துக்காட்டும் யூசேபியுஸிடம் புறா இல்லை. பிறகு யாரோ சேர்த்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். யூசேபியுஸே விட்டிருக்கலாம் என்பாரும் உண்டு. அற்புதங்களை எழுத அவர் தயங்குகிறவர் இல்லையாதலால், முதல் கருத்தே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரு கதைக்கு இரண்டு வடிவம் கிடைத்தால் இப்படி அருகருகே வைத்துப் பாருங்கள். அற்புதம் எங்கே வளர்ந்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

எட்டாம் படி: காலம் தள்ளத் தள்ள இயற்கை எப்படி மாறுகிறது என்று பாருங்கள்

ஸ்பெயின் நாட்டுக் கவிஞர் புருடென்சியுஸ் 400-ஐ ஒட்டி எழுதியவர். அவர் பாடும் மறைசாட்சிகள் இறந்து ஒரு நூற்றாண்டு ஆகியிருந்தது. திருத்தொண்டர் வின்சென்ட்டின் சிறைத் தரையில் பரப்பிய ஓட்டுத்துண்டுகள் மலர்களாகின்றன. இறந்த பிறகு ஒரு காகம் உடலைக் காவல் காத்து ஓநாயை விரட்டுகிறது. கல்லைக் கட்டிக் கடலில் போட்டால் கல்லே மிதக்கிறது. மெரிதா நகரின் பன்னிரண்டு வயதுச் சிறுமி யூலாலியாவின் வாயிலிருந்து புறா பறக்கிறது, பனி பெய்து அவள் உடலைப் போர்த்துகிறது. அவள் நினைவுநாள் டிசம்பரில் வருகிறது என்பதால் பனி நம்பக்கூடியதுதான், அதைச் சவத்துணியாகக் கண்டது கவிஞரின் கண். கவனியுங்கள், இவ்வளவு பெருகிய பிறகும் இயற்கை உயிரைக் காப்பாற்றவில்லை. மனிதர்கள் மறுத்த அடக்கத்தை அது செய்கிறது.

இறந்தவர்களுக்காக இயற்கை அழுததாகவும் ஒரு பதிவு உண்டு. 309-இல் செசரியாவில் ஆளுநர் பிணங்களைப் புதைக்க விடாமல் ஊரைச் சுற்றிப் போட்டுவைத்தார். தெளிந்த வானத்தின் கீழே ஊரின் தூண்களிலிருந்து கண்ணீர்போல நீர் சொட்டியது, தெருக்கள் நனைந்தன என்று எழுதுகிறார் யூசேபியுஸ். பின்வரும் தலைமுறை இதைக் கட்டுக்கதை என்று சொல்லும் என்றும் அவரே சேர்க்கிறார். கடலோர ஊரில் ஈரக்காற்று பட்டுக் குளிர்ந்த கல் வியர்ப்பது உண்டு. அந்த விளக்கம் சரியாகவே இருக்கட்டும். அழக்கூட உரிமை இல்லாத ஊரில் கல் அழுதது என்று மக்கள் சொன்னதன் கனம் அதனால் குறையாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், பவுலின் சீடப்பெண்ணாகச் சொல்லப்படும் தெக்லாவின் கதையை வையுங்கள். மழையும் ஆலங்கட்டியும் அவளைச் சுற்றிய தீயை அணைக்கின்றன, பெண் சிங்கம் அவள் பாதத்தை நக்கி, அவளுக்காகக் கரடியோடு போராடுகிறது, குளத்துக் கடல்நாய்கள் மின்னலில் சாகின்றன. அவள் தப்பிவிடுகிறாள். பவுல் மீது கொண்ட அன்பால் ஆசியாவின் மூப்பர் ஒருவர் இதை எழுதினார், அது வெளிப்பட்டதும் பதவி இழந்தார் என்று ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் சொல்கிறார். அந்தப் பெண் சிங்கத்தை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இது வேறு வகைக் கதை. இங்கே அற்புதம் காப்பாற்றுகிறது. உங்கள் தாளில் வலப்பக்கம் வெறுமையாக இருந்தால், வேறு வகை எழுத்தை வாசிக்கிறீர்கள் என்று அறிந்துகொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: நம் மண்ணில் பயிற்சி செய்யுங்கள்

காலத்தால் மிகப் பிந்தியவை என்றாலும், இந்தக் கேள்விகளை நம் ஊர்க் கதைகளிடமும் கேட்கலாம். 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தரின் இரத்தம் பட்டு மணல் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. இன்றும் அந்த மண்ணை எடுத்துப் போகிறார்கள். தேவசகாயம் 1752-இல் காற்றாடிமலையில் சுடப்பட்டார். அப்போது விழுந்த பாறை தட்டினால் மணிபோல ஒலிக்கும் என்கிறார்கள். அவர் தாகத்தில் இடித்த பாறையில் நீர் சுரந்த இடமாகப் புலியூர்க்குறிச்சியைக் காட்டுகிறார்கள். பாறை நீர் தந்தது, துப்பாக்கி கொன்றது. தாளில் எழுதிப் பாருங்கள், பழைய இரண்டு பத்தியும் அப்படியே நிரம்பும்.

வாசிக்கும் வரிசை என்று கேட்டால்: சில்லியம் பதிவு முதலில், பொலிகார்ப்பு அடுத்து, பிறகு லியோன் கடிதம், அதன் பின் பெர்பெத்துவா. தெக்லாவையும் புருடென்சியுஸையும் அதற்குப் பிறகு எடுங்கள். பெர்பெத்துவாவை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள், முதல் முறை அவள் தன் கையால் எழுதிய பகுதியை மட்டும்.